கூடையில் தெரியாத கால்கள்

பன்றிப் பண்ணையில் வேலை பார்த்தவன் என்று சொன்னால் சிலர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்கள். இழுக்கட்டும். நான் ஓய்வு பெற்று வருஷக்கணக்காகிறது. தினம் இரண்டு வேளை சந்தனச் சோப்புப் போட்டுக் குளிக்கிறேன். இனிமேலா நாறப் போகிறேன்?

இதை என்னை எழுத வைத்தவன் குணசீலன். ஆயர் தாவாரில் நான் கடைசியாக வேலை பார்த்த பண்ணைக்கு இப்போது அவன்தான் சூப்பர்வைசர். போன மாதம் வீட்டுக்கு வந்து ஒரு கம்ப்யூட்டர் தாளை மேசையில் விரித்தான். எந்தக் குட்டி எவ்வளவு வேகமாக வளர்ந்தது, முதுகுக் கொழுப்பு எவ்வளவு, அப்பன் யார், பாட்டன் யார் எல்லாம் அதில் இருந்தது. முதல் இடத்தில் இருக்கும் ஆண் குட்டியையே அடுத்த பொலிகிடாவாக, அதாவது பெட்டைகளைச் சினையாக்கும் கிடாவாக, வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னான்.

"நடக்குதா?" என்று கேட்டேன்.

"என்னண்ணே இது! பன்னி நடக்காம பறக்கவா செய்யும்?"

"பறக்காது. உக்காந்துக்கும்."

விழுந்து விழுந்து சிரித்தான். கெட்டிக்காரப் பையன்தான். அவன் தாளில் இருந்த கணக்கிலும் பொய் இல்லை. அந்தக் காலத்தில் அப்படி ஒரு தாள் எங்களுக்குக் கிடைத்திருந்தால் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்போம். ஆனால் நான் கேட்ட கேள்விக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அதைச் சொல்ல ஆரம்பித்தேன். "இருங்கண்ணே, இதையெல்லாம் வாயால சொன்னா நான் மறந்துடுவேன், எழுதிக் கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு, என் மனைவி செல்லம் போட்ட காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். வேலை கொடுப்பதில் மட்டும் நல்ல சூப்பர்வைசர்.

நான் பிறந்து வளர்ந்தது மலாய் நாட்டில், ஈப்போவை அடுத்த செமோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். பால் வெட்டத் தெரியும், வேகமாக நடக்கத் தெரியும். வேறு ஒரு வித்தையும் தெரியாது. கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை ஓடினார், கணக்கெழுதும் கிராணி ஆபீசைப் பூட்டினார், ரப்பரை வாங்க உலகத்தில் ஆளில்லை என்றார்கள். அரிசிப் பங்கீடு மெலிந்துகொண்டே வந்து நின்றே போனது. நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மரங்களை வெட்டிவிட்டு மரவள்ளி நட்டோம். காலையில் மரவள்ளி, மத்தியானம் மரவள்ளி, ராத்திரி என்ன என்று கேட்டால் செல்லம் அகப்பையை எடுப்பாள்.

தோட்டத்துக்கும் ஈயம் தோண்டிய பழைய குட்டைகளுக்கும் நடுவில் ஒரு சீனரின் பன்றிப் பண்ணை இருந்தது. அங்கே ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். முதலாளி, அதாவது தவுக்கே, அங்கே இல்லை. ஜப்பான்காரன் வந்த புதிதில் விசாரிக்க வேண்டும் என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், திருப்பி அனுப்பவில்லை. பண்ணையை அவர் மனைவி நடத்திக்கொண்டிருந்தார். முதலாளியின் மனைவியைத் தவுக்கேசோ என்பார்கள், நானும் கடைசி வரை அப்படித்தான் கூப்பிட்டேன்.

ஒல்லியான அம்மாள். கறுப்புக் கால்சட்டை, கையில் எப்போதும் ஒரு மூங்கில் குச்சி. தமிழ் நன்றாகப் பேசுவார். தோட்டத்துப் பெண்களோடு சேர்ந்து காய்கறி போட்டு வளர்ந்தவர், அவர்களிடமிருந்து வசவுகள் உட்பட எல்லாவற்றையும் கற்றுக்கொண்டிருந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன வேலை தெரியும்?"

"பால் வெட்டுவேன், தவுக்கேசோ."

"என் பன்னிக்குப் பால் வெட்ட வேணாம்லா. அந்தக் கிணத்துகிட்ட போயிட்டு வா."

போய்விட்டு வந்தேன். நான் நடப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "சரி, நாளைக்கு வா" என்றார். என் வாழ்நாளில் நான் போன ஒரே நேர்முகத் தேர்வு அதுதான். என்ன பரீட்சை வைத்தார் என்பதே எனக்குப் பிறகுதான் புரிந்தது.

ஒரு சின்னப் பெட்டையைத் தாய்ப் பன்றியாக வைத்துக்கொள்ளலாமா, கறிக்கு விடலாமா என்று அவர் முடிவு செய்வதைப் பார்க்கக் கண் வேண்டும். அவசரமே கிடையாது. முதலில் அது படுத்திருக்கும்போது போவார். எழுப்ப மாட்டார், அதுவாக எழுந்திருக்கும் வரை காத்திருப்பார். முன்னங்காலை ஊன்றிப் பின்பக்கத்தை ஒரே மூச்சில் தூக்குகிறதா, இல்லை பின்பக்கம் தயங்குகிறதா என்று கவனிப்பார். பிறகு குனிந்து காம்புகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தடவுவார். உள்ளே மடங்கிய காம்பு ஒன்று இருந்தாலும் முகம் சுருங்கும், ஏனென்றால் அந்தக் காம்புக்கு வரும் குட்டி பட்டினி கிடக்கும். குளம்பின் இரண்டு விரல்களும் ஒரே அளவா என்று பார்ப்பார். கடைசியில் பின்னால் போய் நின்று, மூங்கில் குச்சியால் பின்னங்கால் முட்டியில் மெதுவாக ஒரு தட்டு. "நட" என்று ஒரே சொல். அது நடந்து போவதைப் பார்த்துக்கொண்டே நிற்பார். ஒரு பன்றியைக்கூட அவர் அடித்து நான் பார்த்ததில்லை. அடி வாங்கியதெல்லாம் நாங்கள், அதுவும் வாயால்.

ஆனால் இந்தப் பரீட்சையெல்லாம் பெட்டைகளுக்கு மட்டும்தான். கிடாக்களைத் தேர்ந்தெடுப்பது தவுக்கேயின் பொறுப்பாக இருந்தது, அவர் வழியே வேறு. பிரம்புக் கூடை தெரியுமல்லவா, பன்றியைத் தூக்கிப் போகும் நீளமான கூடை? அதற்குள் வெந்த மரவள்ளித் துண்டைப் போடுவார். தின்ற ருசிக்குக் குட்டி தானாக நுழையும். கூடையோடு தூக்கித் தாச்சிங் என்ற தூக்குத் தராசில் மாட்டுவார். எது அதிக எடையோ அதுதான் கிடா. இப்படியே தலைமுறை தலைமுறையாக எடுத்ததில் பண்ணைப் பன்றிகள் மளமளவென்று வளர்ந்தன. சுற்று வட்டாரத்தில் அவ்வளவு கொழுப்பு வேறு எந்தப் பண்ணையிலும் கிடையாது. எண்ணெய் கிடைக்காத ஜப்பான் காலத்தில் பன்றிக் கொழுப்புக்கு இருந்த மவுசு சொல்லி முடியாது. வாரா வாரம் கூடை இறங்கினால் மரவள்ளி கிடைக்கும் என்று எல்லாப் பன்றிக்கும் பழகிப்போய், கூடையைக் கண்டாலே வரிசையில் வந்து நிற்கும்.

எனக்குக் கிடைத்த வேலை கிடாவோடு நடப்பது. தோட்டத்து லயங்களில் வீட்டுக்கு வீடு ஒரு பெட்டைப் பன்றி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். யுத்தத்துக்கு முன்னால் பெட்டை பருவத்துக்கு வந்தால் கிடாவைக் கூடையில் போட்டு லாரியில் கொண்டுபோவார்கள். இப்போது லாரி ராணுவத்துக்குப் போய்விட்டது, ஆகவே கிடா நடந்து போக வேண்டும், கூட நானும் நடக்க வேண்டும். லூமுட் பக்கத்திலிருந்து எப்போதோ வாங்கிவந்த ஒரு வயதான கிடா இருந்தது. காலில் கயிறு, கழுத்தில் மணி. நாங்கள் லயத்துக்குள் நுழையும்போதே குரல் கேட்கும்:

"ஏய், மாப்பிள்ளை வந்தாச்சு! ஆரத்தி எடுங்கடி!"

கிடாவுக்கு மாப்பிள்ளை என்றே பெயராகிவிட்டது. எனக்கு மாப்பிள்ளைத் தோழன் என்று பெயர். சினைக்கு விடும் இடமோ பழைய பெரட்டுக் களம். விடியற்காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுத்த அதே இடம். "துரை இருந்தா இதுக்கும் கணக்கு எடுப்பாரு" என்று சிரிப்பார்கள். இந்தக் கேலிக்கெல்லாம் தலைவன் என் கூட்டாளி சின்னசாமி. பக்கத்து வீட்டுக்காரன், நானும் அவனும் ஒரே வரிசையில் பால் வெட்டியவர்கள்.

"மச்சான், உன் வேலைதான் ராஜ வேலை. போற ஊரெல்லாம் கல்யாணச் சாப்பாடு."

"சாப்பாடு கிடாவுக்குடா. எனக்கு இங்கேயும் மரவள்ளிதான்."

வீட்டுக்குப் போனால் செல்லம் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாளியை நீட்டுவாள். "மாப்பிள்ளைத் தோழரு மொதல்ல குளிச்சிட்டு வரட்டும்."

கூலி ஒரு குட்டிதான். ஈன்று பால் மறந்ததும் சொந்தக்காரர் முதலில் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வார், அடுத்து தவுக்கேசோ ஒன்றைப் பொறுக்குவார். சின்னசாமி வீட்டுப் பெட்டைக்குப் பிறந்த ஒரு கறுப்புக் குட்டியை அப்படித்தான் எடுத்துவந்தார். மெலிந்த உடம்பு, நல்ல கால். கறுப்பன் என்று கூப்பிட்டோம்.

இதெல்லாம் கேலியும் கூத்துமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, சயாம் லாரி வரும் வரை. சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று தோட்டம் தோட்டமாக லாரி வந்தது. முதலில் ஆசை காட்டிக் கூப்பிட்டார்கள். பிறகு கூப்பிடுவதை விட்டுவிட்டு ஏற்ற ஆரம்பித்தார்கள். போனவர்கள் யாரும் திரும்பி வந்து செய்தி சொல்லவில்லை. தவுக்கேசோ ராணுவத்துக்குப் பன்றி கொடுக்கும் சப்ளை ஆபீசுக்கு நடையாய் நடந்து, எனக்கு ஒரு கைப்பட்டை வாங்கிவந்தார். வெள்ளைத் துணியில் ஜப்பான் எழுத்து. கிடா நடத்துகிறவன், இவனைத் தொடாதே என்று அர்த்தமாம். செல்லம் அப்போது முழுகாமல் இருந்தாள். அந்தத் துணியைத் தினம் அவளே என் கையில் கட்டிவிடுவாள், முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள்.

சப்ளை ஆபீசின் நிபந்தனை இரண்டு. மாதா மாதம் எடையான பன்றி வந்தாக வேண்டும். தீனிக்குப் பஞ்சம், அதனால் பண்ணையில் ஒரே ஒரு பொலிகிடாதான் இருக்கலாம், மற்ற ஆண்களைக் காயடித்துக் கறிக்கு விட வேண்டும். நமக்கென்ன, மாப்பிள்ளை இருக்கிறார் என்று இருந்தேன். ஒரு நாள் காலையில் மாப்பிள்ளை இடுப்பு பிடித்துப் படுத்துவிட்டார். வயதாகிவிட்டது, பாவம். அவருக்கு வாரிசு வேண்டும்.

இருந்தது இரண்டே பேர். ஒருவன் கறுப்பன். இன்னொருவன் வெள்ளையன். தவுக்கேயைக் கூட்டிக்கொண்டு போவதற்குச் சில நாள் முன்பு அவர் தன் கையால் சேர்த்துவிட்ட சோடிக்குப் பிறந்தவன். "இந்த ஈத்துல எது அதிக எடையோ அதை விதைக்கு வை, நான் சொன்னேன்னு வை" என்று மனைவியிடம் சொல்லியிருந்தார். அந்த ஈற்றில் வெள்ளையனுக்குப் பக்கத்தில் வர இன்னொரு குட்டி இல்லை. வெறும் மரவள்ளித் தோலையும் குட்டைக் கீரையையும் தின்றே அப்படி வளர்ந்தான். தவுக்கே திரும்பி வரும்போது அவர் முன்னால் அவனைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று தவுக்கேசோவுக்கு ஆசை. வருவார் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையின் மேல்தான் பண்ணையே ஓடியது.

ஆனாலும் கண் சும்மா இருக்குமா? ஒரு நாள் ஈயக் குட்டை மணலைக் கொண்டுவந்து கொட்டச் சொன்னார். தண்ணீர் தெளித்துச் சமப்படுத்தி, பண்ணையின் இளசுகளை எல்லாம் ஒவ்வொன்றாக அதில் நடக்கவிட்டார். பிறகு குனிந்து தடங்களைப் பார்த்தார். வெள்ளையனின் பின்னங்குளம்பு மணலில் பதியவில்லை, இழுத்துக் கோடு போட்டிருந்தது. பின்னங்கால் வளைவே இல்லாமல் கம்பம் நட்டது போல் நின்றது. சரி, இவன் ஒருவன்தான் என்று பார்த்தால், அவன் அண்ணன் தம்பி, சித்தப்பன் மகன், முக்கால்வாசிப் பேர் மணலில் கோடுதான் போட்டிருந்தார்கள். கறுப்பனின் தடம் மட்டும் அச்சு வைத்தது போல் இருந்தது.

தவுக்கேசோ நிமிர்ந்தார். கொக்கியில் தொங்கிய பிரம்புக் கூடையை எடுத்துவரச் சொன்னார். மரவள்ளி போட்டார். வெள்ளையன் ஆசையாக நுழைந்தான். தூக்கினோம். நான்கு கால்களும் பிரம்பு இடுக்கு வழியாக வெளியே வந்து அந்தரத்தில் தொங்கின. கூடைக்குள் அவன் உருண்டு திரண்டு அழகாக இருந்தான்.

"பாத்தியா?" என்றார். "இத்தனை வருஷம் இப்படித்தான் பாத்தோம். கூடையில ஏத்தி, லாரியில ஏத்தி, எறக்கி. ஒரு பன்னிகூட தெருவுல நடந்ததில்லலா. கால் போனது யாருக்குத் தெரியும்?"

தவுக்கே முட்டாள் இல்லை. கறி வாங்குகிறவர்கள் எடை கேட்டார்கள், எடையைக் கொடுத்தார். லாரி இருந்த வரைக்கும் அது தப்பாகவும் தெரியவில்லை. பெட்ரோல் நின்ற பிறகுதான் பன்றிக்குக் கால் இருப்பதே எங்களுக்கு ஞாபகம் வந்தது.

"அப்போ கறுப்பன்தான், தவுக்கேசோ" என்றேன்.

"கறுப்பனை வச்சா குட்டி எல்லாம் அவனை மாதிரி மெலிஞ்சு வரும். சப்ளை ஆபீஸ்ல எடை கேப்பான், நீ போய் நிப்பியா?"

"வெள்ளையனை வச்சா பாதி வழியில உக்காந்துக்குவான். அப்புறம் நான் யாரைக் கூட்டிட்டு நடக்குறது?"

"உனக்கு உன் தோல் பயம்லா."

"ஆமா தவுக்கேசோ. எனக்கு இருக்குறது ஒரு தோல்தான்."

இந்தச் சண்டை பல நாள் நடந்தது. இரண்டு பேர் சொன்னதும் சரிதான், அதுதான் வம்பு. எடை குறைந்தால் பண்ணைக்கு ஆபத்து, பண்ணை போனால் என் கைப்பட்டையும் போகும். கிடா நடக்காவிட்டால் பண்ணை இருந்தும் என் கைப்பட்டை போகும். எப்படிச் சுற்றி வந்தாலும் சயாம் லாரி என் வாசலில்தான் நின்றது. ராத்திரி செல்லத்தின் வயிற்றில் கை வைத்துக்கொண்டு, வெள்ளையனின் பின்னங்காலை நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன். உலகத்தில் எந்தப் புருஷனுக்கும் வராத கவலை.

கடைசியில் தவுக்கேசோ சொன்னார்: "வெள்ளையனை ஒரு தடவை தோட்டம் வரைக்கும் கூட்டிட்டுப் போலாம். நானும் வாரேன். நடந்துட்டான்னா அவன்தான்."

காலை வெயில் ஏறுவதற்குள் கிளம்பினோம். வெள்ளையன் சமதரையில் நன்றாகவே நடந்தான். தவுக்கேசோ பின்னாலேயே வந்தார், கண் அவன் காலை விட்டு நகரவில்லை. முகத்தில் ஒரு சந்தோஷம் வர ஆரம்பித்ததைப் பார்த்தேன். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. நடந்து தொலையட்டுமே, அந்த அம்மாளுக்கு ஒரு நல்லது நடக்கட்டுமே என்று நினைத்தேன்.

ரப்பர் தாள் உலர்த்தும் புகைக்கொட்டகைக்கு முன்னால் செம்மண் சாலை மேடேறும். பாதி மேட்டில் வெள்ளையனின் பின்பக்கம் ஆடியது. இன்னும் நாலைந்து அடி வைத்தான். பிறகு முன்னங்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு, பின்பக்கத்தைத் தரையில் வைத்து, நாய் உட்காருகிற மாதிரி உட்கார்ந்துவிட்டான். இழுத்தேன், தள்ளினேன், கெஞ்சினேன். தவுக்கேசோ முட்டியில் தட்டி "நட" என்றார். அவன் திரும்பி அவரைப் பார்த்தான், அவ்வளவுதான். அவர் பக்கத்தில் இருந்த மதகுக் கல்லில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து மேட்டுக்கு மேலே லாரிச் சத்தம்.

சப்ளை ஆபீஸ் லாரிதான், பன்றி எடுக்க வருவது. ஆனால் அன்று அதில் ஆட்களும் இருந்தார்கள். எங்கள் தோட்டத்து ஆட்கள். பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் சின்னசாமியைப் பார்த்தேன்.

லாரி நின்றது. சிப்பாய் ஒருவனும், அவனுக்கு மொழிபெயர்க்கும் உள்ளூர் ஆள் ஒருவரும் இறங்கினார்கள். மொழிபெயர்ப்பாளர் என் கைப்பட்டையைப் பார்த்தார், உட்கார்ந்திருந்த பன்றியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"இந்த ஆளுக்கு என்ன வேலை?" என்று மலாயில் கேட்டார்.

"கிடா நடத்துறவன்" என்றார் தவுக்கேசோ.

"கிடா நடக்கக் காணோமே. அப்போ இவனுக்கு வேலை இல்லை. லாரியில இடம் இருக்கு."

சிப்பாய் என் தோளில் கை வைத்தான். செல்லம் காலையில் போட்ட முடிச்சு கையை இறுக்கிக்கொண்டிருந்தது, அது மட்டும் தெரிந்தது.

தவுக்கேசோ மதகுக் கல்லிலிருந்து எழுந்தார். நேராக வந்து என் கையிலிருந்த கயிற்றை வாங்கினார்.

"இது கிடா இல்லலா, துவான்" என்றார். குரலில் நடுக்கமே இல்லை. "இது உங்க பன்னி. இந்த மாசத்துக்கு. எடை பாருங்க, இப்படி ஒண்ணு ஈப்போவுலகூட கெடைக்காது. கிடா வீட்டுல இருக்கு, கறுப்பு. அதை நடத்துறதுக்கு எனக்கு இவன் வேணும்."

மொழிபெயர்ப்பாளர் சிப்பாயிடம் ஏதோ சொன்னார். சிப்பாய் வெள்ளையனைக் காலால் லேசாகத் தொட்டுப் பார்த்தான். சதை குலுங்கியது. சிரித்தான். என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

லாரியிலிருந்து பிரம்புக் கூடையை இறக்கினார்கள். தவுக்கேசோ கயிற்றை விட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மலைப் பக்கம் பார்த்து நின்றார். கூடை தரையில் பட்டது. வெள்ளையன் காதை ஆட்டினான். முன்னங்காலை ஊன்றினான், பின்பக்கத்தைத் தூக்கினான், எழுந்தான். ஒரு பிசகும் இல்லாமல் நாலு எட்டு நடந்து, மரவள்ளி இருக்கும் என்று நினைத்து, கூடைக்குள் போய்ப் படுத்துக்கொண்டான்.

நான் மட்டும்தான் அதைப் பார்த்தேன் என்று நினைத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

லாரி நகரும்போது சின்னசாமி குனிந்து கத்தினான்: "மச்சான், என் பன்னி இன்னும் மூணு வாரத்துல குட்டி போடும், பாத்துக்க! மாப்பிள்ளைக்குக் கூலிக் குட்டியை மறக்காம கொடு!" அந்த நேரத்திலும் அவனுக்குக் கேலிதான் வந்தது. அவன் திரும்பி வரவில்லை.

வீடு திரும்பும் வழி முழுக்கத் தவுக்கேசோ முன்னால் நடந்தார். பண்ணை வாசலில் மட்டும் நின்று, "கறுப்பனுக்கு இன்னைக்கு ரெண்டு பங்கு போடு" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் வாழ்நாள் வேலை. கறுப்பன் ஒரு லயம் விடாமல் நடந்தான். பண்ணையின் கனத்த பெட்டைகளோடும் அவனைச் சேர்த்தோம். முதல் ஈற்றில் எடை விழுந்தது. சப்ளை ஆபீசில் முகத்தைத் தூக்கினார்கள். தவுக்கேசோ கறிப் பன்றிகளைக் கூடக் கொஞ்ச நாள் வைத்துத் தீனி போட்டு எப்படியோ ஒப்பேற்றினார். குட்டிகளை முதலில் மணலில் நடக்கவிடுவோம். மணலில் கோடு போட்டது எவ்வளவு கொழுத்தாலும் விதைக்கு இல்லை. நன்றாக நடந்தவற்றை மட்டும் கூடையில் நிறுப்போம், அதில் கனமானது விதைக்கு. கறுப்பனின் பேத்திகள் வளர்ந்து நின்றபோது எடையும் இருந்தது, காலும் இருந்தது. சின்னசாமியின் பெட்டையைச் செல்லம் எங்கள் வீட்டுக்கு ஓட்டிவந்துவிட்டாள். அதன் மக்களும் அந்த வம்சத்தில் கலந்தன. என் மகன் பிறந்தபோது நான் வீட்டு வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

யுத்தம் முடிந்தது. லாரி வந்தது, பெட்ரோல் வந்தது. தவுக்கே வரவில்லை. பிற்பாடு பண்ணையை ஆயர் தாவாருக்கு மாற்றினோம். வெளிநாட்டுக் கிடா வந்தது, தாள் வந்தது, கம்ப்யூட்டரும் வந்தது. தவுக்கேசோ இருந்த வரை மணல் தரை மட்டும் மாறவில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகு அதில் யாரோ சிமெண்டு போட்டுவிட்டார்கள் என்று குணசீலன் சொன்னான். அதனால்தான் தம்பி, நடக்குதா என்று கேட்டேன்.

நான் ஓய்வு பெற்ற அன்று தவுக்கேசோவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அவருக்கு நல்ல வயதாகிவிட்டது. கொட்டகை ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், மூங்கில் குச்சி மடியில் இருந்தது. இத்தனை வருஷமாக அவர் மனதில் ஒரு முள் இருக்குமோ என்று எனக்கு ஒரு நினைப்பு. அதை எடுத்துவிடலாம் என்று ஆரம்பித்தேன்.

"தவுக்கேசோ, அன்னைக்கு அந்த மேட்டுல வெள்ளையன் எந்திரிச்சிருக்கவே மாட்டான். நீங்க செஞ்சதுதான் சரி."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்திரிச்சான்லா. கூடையைப் பாத்ததும் எந்திரிச்சான். ஓரக்கண்ணால நானும் பாத்தேன். நீ மட்டும் பாத்தேன்னு நெனச்சியா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்போ ஏன் தவுக்கேசோ சும்மா இருந்தீங்க? பாருங்க, நடக்குறான், இவன்தான் எங்க கிடான்னு சொல்லியிருக்கலாமே? தவுக்கே ஆசைப்பட்டு..."

"சொல்லியிருக்கலாம்" என்றார். "நான் சொன்னது பொய்னு சிப்பாய் வெள்ளையனை எறக்கியிருப்பான். அந்த எடத்துல உன்னை ஏத்தியிருப்பான்."

நான் நின்றேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை. தவுக்கேசோ மடியிலிருந்த மூங்கில் குச்சியை எடுத்து, என் முட்டியில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டினார்.

"நட" என்றார். "வீட்டுக்குப் போ. செல்லம் பாத்துக்கிட்டு இருப்பா."